டிசம்பர் ஜியோகேஷிங் சந்திப்புக்கு இடம் வேண்டும்

சிங்கப்பூரில் ஜியோகேஷிங் (மறைத்து வைத்த பெட்டிகளை ஜிபிஎஸ் வைத்துத் தேடும் விளையாட்டு) ஆடுபவர்கள் ஒன்றுகூட டிசம்பரில், சனிக்கிழமை மாலை, ஒரு சிறு சந்திப்பு வைக்க நினைக்கிறேன். இருபது, இருபத்தைந்து பேர், பாதிப் பேர் பிள்ளைகளோடு. பேச்சும் டிராக்கபிள் (பெட்டிக்குப் பெட்டி கைமாறும், எண் பொறித்த சிறு பொருள்) மாற்றிக்கொள்வதும்தான். இடம்தான் அமையவில்லை.

முதலில் பூமலையை (தாவரவியல் பூங்கா) பார்த்தேன். நுழைவு இலவசம், எம்ஆர்டி ரயில் நிலையம் வாசலிலேயே. ஆனால் டிசம்பர் வடகிழக்குப் பருவமழையில் புல்வெளியை நம்பி யார் உட்காருவது? ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா உணவங்காடி நிலையத்தில் சனி மாலை சேர்ந்தாற்போல் நான்கு மேசை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒரு காபிக்கடையில் கேட்டேன், ஆளுக்கு இவ்வளவு வாங்கியே ஆக வேண்டும் என்றார்கள். அது சரிப்படாது. வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்கின் திறந்த கீழ்த்தளம் என்றால் நகர மன்ற அனுமதி வாங்க வேண்டும், அந்த அலைச்சலைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

ஜியோகேஷிங் தளத்தில் சந்திப்புக்கான ஈவென்ட் பக்கத்தைக் குறைந்தது 2 வாரம் முன்பே, நேரமும் இடத்தின் ஜிபிஎஸ் ஆயத்தொலைவும் போட்டு, பரிசீலனைக்கு அனுப்பியாக வேண்டும். அதனால் "அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட முடியாது. புது ஆட்களும் ஜிபிஎஸ் பார்த்து வருவார்கள், அதனால் கூரை இருந்தாலும் ஜிபிஎஸ் தடுமாறாதபடி சுற்றிலும் திறந்த இடமாக இருந்தால் நல்லது.

எம்ஆர்டியிலிருந்து நடக்கும் தூரத்தில், கூரையோடு, கட்டணமில்லாமல் இரண்டு மணி நேரம் உட்காரக்கூடிய இடம் எது?