சந்தேகம்: ஆர்கேட் பெட்டி – இடது, வலது பக்கப் பலகை இரண்டும் ஒத்துவரவில்லை

ஒத்தக்காசு:
நின்றுகொண்டு வீடியோ கேம் ஆடும் ஆர்கேட் பெட்டி செய்கிறேன். உயரம் 1750 மி.மீ., ஆழம் 600. ஒரே எட்டுக்கு நாலு ஷீட்டில் (18 மி.மீ. எம்டிஎஃப், அதாவது அழுத்திய மரநார்ப் பலகை) இரண்டு பக்கமும் எடுத்தாச்சு. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிளாம்ப் போட்டு ஜிக்ஸாவில் (பிளேடு மேலும் கீழும் ஓடும் கை மிஷின்) ஒரே வெட்டு. மேல் பலகை கோட்டிலேயே வந்திருக்கு. கீழ்ப் பலகை நேர் இடங்களில் சரி, ஆனால் மானிட்டருக்கு மேல் வரும் வளைவில் 4 மி.மீ. உள்ளே போயிருக்கு, கண்ட்ரோல் பேனல் (பட்டன்கள் வரும் பலகை) மூக்கில் 2 மி.மீ. வெளியே நிற்கிறது. விளிம்பில் மூலைமட்டம் வைத்தால் வெளிச்சம் தெரிகிறது. உப்புத்தாளிலேயே சரிக்கட்டலாமா, புது ஷீட் வாங்கணுமா? கையில் கால் இஞ்ச் கோலெட் (பிட்டின் தண்டைப் பிடிக்கும் வாய்) உள்ள டிரிம்மர் (சின்ன ரூட்டர், பிட் சுழன்று விளிம்பைச் சீவும் மிஷின்) இருக்கு. விளிம்புக்கு டி-மோல்டிங் (வால் பள்ளத்தில் இறங்கும் டி வடிவ விளிம்புப் பட்டை) போடணும்.

மரத்தூள்:
ஷீட் வாங்க வேண்டாம். ஜிக்ஸா பிளேடுக்கு மேலே மட்டும்தான் பிடிப்பு, கீழ் முனை அந்தரத்தில் ஆடுகிறது. 36 மி.மீ. கனத்தில் வளைவு எடுத்தால் மேலே கோட்டில் போகும்போதே கீழே விலகிவிடும். ஆர்பிட்டல் ஸ்விட்ச் (பிளேடை முன்னும் பின்னும் ஆட்டுவது) பூஜ்யத்தில் இல்லை என்றால் இன்னும் மோசம். சேர்த்து வெட்டும் வேலை பேண்ட்சாவுக்கு (வளையப் பிளேடு ஓடும் மிஷின்) சரி, அதில் பிளேடுக்கு இரண்டு பக்கமும் பிடிப்பு உண்டு.

4 மி.மீ. என்பது ஒன்றேகால் நூல் (ஒரு நூல் அரைக்கால் இஞ்ச்). அதை உப்புத்தாளில் தேய்க்கப் போனால் விளிம்பு உருண்டுவிடும், இரண்டும் ஒத்தும் வராது. டெம்ப்ளேட் (அச்சுப் பலகை) செய்து ரூட்டரில் அடிப்பதுதான் வழி.

வரைபடத்தில் உள்ள அளவு வரணும் என்பதை விட்டுவிடுங்கள். பெட்டி 5 மி.மீ. சிறுத்தால் யாருக்கும் தெரியாது. இடதும் வலதும் 1 மி.மீ. வித்தியாசப்பட்டால் கண்ட்ரோல் பேனல் மூடி உட்காரும்போதே தெரிந்துவிடும்.

இரண்டு பலகையையும் அடி விளிம்பும் முதுகு விளிம்பும் சேர வையுங்கள். ஃபேக்டரி வெட்டு என்பதால் அந்த இரண்டையும் மட்டும் நம்பலாம். மற்ற இடங்களில் எது அதிகம் உள்ளே போயிருக்கிறதோ அதற்கும் 1 மி.மீ. உள்ளே புதுக் கோடு. விளிம்பு சாய்ந்திருப்பதால் பலகையின் இரண்டு முகத்திலும் அளக்கணும், குறைந்த முகம்தான் கணக்கு. அடிபட்ட இடத்தில் மட்டும் கோட்டை உள்ளே இழுக்காதீர்கள், குழி மாதிரி தெரியும். வளைவு தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை சீராக இறக்குங்கள். 3 மி.மீ. பிளைவுட் பட்டையை நாலைந்து ஆணிக்கு நடுவே வளைத்து வைத்தால் பென்சில் தானே ஓடும்.

இந்தக் கோட்டை 12 மி.மீ. எம்டிஎஃபில் வெட்டி டெம்ப்ளேட் ஆக்குங்கள். ஒற்றைக் கனம், ஜிக்ஸா பரவாயில்லை. கோட்டுக்கு 1 மி.மீ. வெளியே வெட்டி, நேர் ரீப்பரில் 80 நம்பர் உப்புத்தாள் ஒட்டிக் கோடுவரை தேயுங்கள். வளைவுக்கு அதே பிளைவுட் பட்டையில் ஒட்டிக்கொள்ளலாம். கண்ணை மூடி விரலை ஓட்டிப் பாருங்கள், பார்வைக்குத் தப்பும் மேடு விரலுக்குத் தப்பாது. டெம்ப்ளேட்டில் விட்ட மேடு இரண்டு பலகையிலும் அப்படியே இறங்கும். அரை நாள் போனாலும் இங்கே போகட்டும்.

ஒத்தக்காசு:
நன்றி. 6 மி.மீ. எம்டிஎஃப் துண்டு ஒன்று சும்மா கிடக்கு, அது போதாதா? எந்த பிட் வாங்கணும்?

மரத்தூள்:
6-இல் பிட்டின் பேரிங் (டெம்ப்ளேட் விளிம்பைத் தொட்டு உருளும் வளையம்) ஓட இடம் பத்தாது. கொஞ்சம் உயரம் மாறினாலும் பேரிங் டெம்ப்ளேட்டை விட்டு ஏறிவிடும், அடுத்த நொடி பிட் டெம்ப்ளேட்டையே தின்னும்.

பிட்: அரை இஞ்ச் விட்டம், ஒரு இஞ்ச் வெட்டு நீளம், தண்டுப் பக்கம் பேரிங் உள்ளது. பேட்டர்ன் பிட் என்று கேளுங்கள். தண்டு கால் இஞ்ச்தானா என்று பார்த்து வாங்குங்கள். கால் இஞ்ச் என்றால் 6.35 மி.மீ. அந்தக் கோலெட்டில் 6 மி.மீ. தண்டைப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் ஓட்டத்தில் நழுவும்.

டெம்ப்ளேட் மேலே, பலகை கீழே. பிட் பலகைக்கு அடியில் 7 மி.மீ. நீட்டும், அதனால் பலகையை ரீப்பர் வைத்துத் தூக்குங்கள், இல்லையென்றால் மேசையில் கோடு விழும். டெம்ப்ளேட்டுக்கு வெளியே ஒரு நூலுக்கு மேல் மிச்சம் இருந்தால் முதலில் ஜிக்ஸாவில் எடுத்துவிடுங்கள். மேலிருந்து பார்க்க, பலகையைச் சுற்றி எதிர்க்கடிகாரத் திசையில்தான் ஓட்டணும். மாற்றி ஓட்டினால் டிரிம்மர் கையை இழுத்துக்கொண்டு ஓடும்.

ஒட்டுவதற்கு மெல்லிய டபுள் சைட் டேப். ஃபோம் டேப் வேண்டாம், நகரும். அதைவிட 25 மி.மீ. ஸ்க்ரூ நல்லது: 12 டெம்ப்ளேட்டில் போக 13 மி.மீ.தான் பலகையில் இறங்கும், வெளியே வராது. பிறகு ரீப்பர் வந்து மறைக்கப்போகிற இடமாகப் பார்த்து அடியுங்கள்.

நூல்கணக்கு:
மரத்தூள் சொல்லாமல் விட்ட ஒன்று. ஸ்க்ரூ உள்முகத்தில் போகணும் என்றால், டெம்ப்ளேட்டை இடது பலகையில் ஒரு பக்கமாகவும் வலது பலகையில் திருப்பியும் வைக்கணும். டெம்ப்ளேட்டின் ஒரு முகத்தில் "இடது", மறு முகத்தில் "வலது" என்று இப்போதே எழுதிவிடுங்கள். திருப்ப மறந்தால் ஸ்க்ரூ ஓட்டையோடு இரண்டு இடது பலகை கிடைக்கும்.

திருப்பும்போது இன்னொரு வம்பும் இருக்கு. டெம்ப்ளேட் விளிம்பு சாய்ந்திருந்தால் பேரிங் இடதில் மேட்டைத் தொடும், வலதில் பள்ளத்தைத் தொடும். 12 மி.மீ. கனத்தில் 1 மி.மீ. சாய்வு என்றால் பலகையில் கிட்டத்தட்ட அதே அளவு வித்தியாசம் வரும். சுற்றிலும் ஒவ்வொரு சாணுக்கும் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் டெம்ப்ளேட்டை ஒரு முறை மட்டும் பயன்படுத்தி இடதை முடியுங்கள். பிறகு இடது பலகையையே டெம்ப்ளேட்டாக வைத்து, உள்முகமும் உள்முகமும் சேர ஒட்டி வலதை அடியுங்கள். திருப்பும் வேலையே இல்லை.

மரத்தூள்:
அது சரிதான். ஆனால் ஸ்க்ரூ போட முடியாது, டேப்பும் கிளாம்பும்தான். அவ்வளவு பெரிய பலகை ஒவ்வொன்றும் 12 கிலோவுக்குக் குறையாது, டேப்பை மட்டும் நம்பித் தூக்கித் திருப்பாதீர்கள்.

ஒத்தக்காசு:
அடித்துவிட்டேன், இடதை வைத்து வலது. சேர்த்து நிறுத்தி விரல் ஓட்டினால் தட்டவில்லை. இப்போது டி-மோல்டிங். முக்கால் இஞ்ச்தான் கிடைத்தது. பள்ளம் எந்த உயரத்தில், எவ்வளவு ஆழம்?

முக்காலிஞ்சு:
மோல்டிங் 19 மி.மீ., பலகை 18. இரண்டு பக்கமும் அரை மி.மீ. துருத்தும். ஒட்டி முடித்தபின் புது பிளேடைப் படுக்க வைத்துச் சீவிவிடலாம்.

ஸ்லாட் கட்டர் (விளிம்பில் பள்ளம் எடுக்கும் பிட்) 1.6 மி.மீ. அகலம் வாங்குங்கள். ஆழத்துக்கு மோல்டிங்கின் வாலை அளந்து 1 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள், பொதுவாக 10-11 வரும். ஆழத்தைத் தீர்மானிப்பது கட்டரில் உள்ள பேரிங், அதையும் பார்த்து வாங்குங்கள். டிரிம்மரின் அடித்தட்டை இரண்டு பலகையிலும் வெளிமுகத்தில் மட்டுமே வைத்து ஓட்டுங்கள். நடுவிலிருந்து அரை மி.மீ. தள்ளிப்போனாலும் இரண்டிலும் ஒரே பக்கம்தான் தள்ளியிருக்கும். முதலில் வேஸ்ட் துண்டில் ஒரு ஓட்டம்: பள்ளம் அகலமானால் மோல்டிங் கையோடு வரும், குறுகினால் சுத்தியலில் தட்டும்போது எம்டிஎஃப் இரண்டாகப் பிளக்கும். பெரிய கட்டர், வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். மாஸ்க் கட்டாயம்.

கண்ட்ரோல் பேனலுக்கு அடியில் வரும் உள்மூலையில் கவனம். கட்டர் வட்டமானது என்பதால் அங்கே பள்ளம் ஆழம் குறைந்து நிற்கும், வால் இடித்து மோல்டிங் மேலே எழும்பும். அந்த இடத்தில் மட்டும் வாலை முழுசாக வெட்டி எடுத்துவிட்டு மடியுங்கள். வெளிமூலைகளில் வாலில் வி வெட்டு போதும். தட்டுவதற்கு ரப்பர் சுத்தியல், அடியிலிருந்து தொடங்குங்கள். மிச்சம் அடியில் வராமல் முதுகில் முடியட்டும்.