டீசல் தீர்ந்து நின்ற ஜீப் மீண்டும் கிளம்பவில்லை

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் வழியில் டீசல் தீர்ந்து நின்ற எங்கள் பழைய ஜீப்பில், கேனில் வாங்கி வந்த 2 லிட்டரை ஊற்றிய பிறகும், ஸ்டார்ட்டர் சுற்றுகிறதே தவிர என்ஜின் பிடிக்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1: ஐயா, டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கும். ஃபில்டரின் மேலுள்ள காற்று நீக்கும் திருகைச் சற்றே தளர்த்திக் கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருங்கள். முதலில் நுரையாக வருவது குமிழியில்லாத டீசலாக வழியத் தொடங்கியதும் திருகை முடுக்கி, பம்பு கைக்கு இறுகும்வரை அழுத்திய பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட்டரை இடைவிடாமல் சுற்றினால் மோட்டார் சூடேறிக் கெட்டுவிடும்.

பதில் 2: வண்டி மேட்டைப் பார்த்து நிற்கிறதா? சரிவில் 2 லிட்டர் டேங்கின் மூலையில் ஒதுங்கி, உறிஞ்சு குழாய்க்கு எட்டாமல் போகலாம்; இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். எதற்கும் முன்பாகச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள், அது மிக முக்கியம்.

கேட்டவர்: டீசல் சேர்த்துக் காற்றை எடுத்ததும் கிளம்பிவிட்டது. இருவருக்கும் மிக்க நன்றி.