சிலுவைக்குப் பிறகு "ஆனால்" எதற்கு?

பாளையங்கோட்டையான்
எங்கள் வாலிபர் ஐக்கிய வாட்ஸ்அப்பில் நேற்று ஒரு தம்பி நீளமாக எழுதியிருக்கிறார். அயர்லாந்து ராக் குழு யு2-வின் "ஐ ஸ்டில் ஹேவன்ட் ஃபவுண்ட் வாட் அயம் லுக்கிங் ஃபார்" 1987-இல் வந்த வெறும் ராக் பாட்டு இல்லையாம், தாவீது பாடிய மாதிரி நம் காலத்துச் சங்கீதமாம். வாலிபர் ஞாயிறு ஆராதனையில் பாடலாமாம். கீழே வரிசையாக ஆமென். ஆமென் போட்டவர்களில் ஒருவராவது கடைசிச் சரணத்தைக் கேட்டாரா?

நீர் கட்டுகளை அறுத்தீர், என் வெட்கத்தின் சிலுவையைச் சுமந்தீர், நான் விசுவாசிக்கிறேன் என்று உமக்கே தெரியும் என்று பாடுகிறார் யு2-வின் பாடகர் போனோ. நல்லது, அல்லேலூயா. அடுத்த மூச்சிலேயே "ஆனால் நான் தேடுவது இன்னும் கிடைக்கவில்லை" என்கிறார். சிலுவையைச் சொன்ன வாயால் "ஆனால்" எப்படி வருகிறது? "நான் கொடுக்கும் தண்ணீரைக் குடிக்கிறவனுக்கு ஒருக்காலும் தாகமுண்டாகாது" (யோவான் 4:14). கிணற்றடியில் இயேசு சொன்ன இதைக் கேட்ட சமாரியப் பெண் குடத்தைப் போட்டுவிட்டு ஊருக்குள் ஓடினாள். "ஆனால்" என்று இழுத்துக்கொண்டு கிணற்றடியில் நிற்கவில்லை.

ட்ரம்ஸ் தம்பி
அந்தத் தம்பி நான்தான் அண்ணன். குழுவிலேயே கேட்டிருக்கலாம். இங்கே வந்து ஊரைக் கூட்ட வேண்டுமா?

பிலிப்பியர் 3:12 படியுங்கள். "நான் அடைந்தாயிற்று, அல்லது முற்றும் தேறினவனானேன் என்று எண்ணாமல்..." தமஸ்கு வழியில் ஆண்டவரைக் கண்ட பவுல், இருபது வருஷத்துக்கும் மேல் ஊழியம் செய்துவிட்டுக் காவலில் இருந்து எழுதுகிறார், இன்னும் அடையவில்லை என்று. போனோ சொன்னால் மட்டும் குற்றமா?

பாளையங்கோட்டையான்
பவுல் "ஆசையாய்த் தொடருகிறேன்" என்றார். "ஆனால் கிடைக்கவில்லை" என்று புலம்பவில்லை. அந்த வசனத்தில் "ஆனால்" எங்கே இருக்கிறது, காட்டு பார்ப்போம்.

ஞானசிகாமணி
விவாதத்துக்கு முன் ஒரு கேள்வி. கிறிஸ்தவப் பாடல் என்று எதைச் சொல்கிறோம்? எழுதியவர் விசுவாசியாக இருந்தால் போதுமா, வரிகள் வேத வசனத்தோடு ஒத்துப்போக வேண்டுமா, சபையில் பாடினால்தான் கணக்கா? இதை முடிவு செய்யாமல் பேசுவதில் பயனில்லை.

தெபோராள் டீச்சர்
பாளையங்கோட்டையார் கேட்ட "ஆனால்" நம் தமிழ் வேதாகமத்தில் இல்லை, சரி. ஜேம்ஸ் அரசர் ஆங்கில வேதாகமத்தில் அதே வசனத்தில் "பட்" இருக்கிறது. கிரேக்க மூலத்திலும் "டெ" என்ற சொல் நிற்கிறது. "அடைந்துவிட்டேன் என்றல்ல, ஆனால் தொடருகிறேன்" என்பதுதான் வாக்கிய அமைப்பு. முப்பது வருஷம் ஆங்கிலம் நடத்தியவள் சொல்கிறேன், "ஆனால்" என்ற சொல்மேல் பழி போடாதீர்கள்.

பாளையங்கோட்டையான்
டீச்சர், வணக்கம். நீங்கள் சொல்வதையே எடுத்துக்கொள்வோம். பவுலின் "ஆனால்" முன்னால் ஓடுகிற "ஆனால்". அடையவில்லை, ஆனால் ஓடுகிறேன். போனோவின் "ஆனால்" பின்னால் இழுக்கிற "ஆனால்". விசுவாசிக்கிறேன், ஆனால் கிடைக்கவில்லை. இரண்டும் ஒன்றா? மாட்டை வண்டிக்கு முன்னால் கட்டுவதும் பின்னால் கட்டுவதும் ஒன்றா?

ட்ரம்ஸ் தம்பி
"விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." மாற்கு 9:24. பிள்ளையின் தகப்பன் கண்ணீரோடு சொன்னது. அவனை இயேசு "நீ பின்னால் இழுக்கிறாய்" என்று விரட்டினாரா, பிள்ளையைக் குணமாக்கினாரா?

பாளையங்கோட்டையான்
அவன் உதவி கேட்டான். பாட்டில் உதவி எங்கே கேட்கப்படுகிறது? "ஆனால்" என்று தொடங்கி அந்த ஒரு வரியையே திருப்பித் திருப்பிப் பாடி, அதிலேயே பாட்டை முடிக்கிறார்கள். முடிவு எதுவோ அதுதான் செய்தி.

அறுப்புக்காலம்
சகோதரர்கள் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். "பிசாசின் கையைப் பிடித்தேன், இரவில் கதகதப்பாக இருந்தது" என்று நடுவில் ஒரு வரி வருகிறது. இதைப் பிள்ளைகள் பாட வேண்டுமா? "ராஜ்யம் வரும்போது எல்லா நிறங்களும் ஒன்றாகக் கலக்கும்" என்பது ஒரே உலக மதத்துக்கான அடையாளம். எச்சரிக்கையாய் இருங்கள்.

ட்ரம்ஸ் தம்பி
பிசாசின் கைக்கு முந்தைய வரியில் தூதர் பாஷை பேசினேன் என்கிறார். 1 கொரிந்தியர் 13:1, "தூதர் பாஷைகளையும் பேசினாலும், அன்பு எனக்கிராவிட்டால்" என்ற வசனம். கையைப் பிடித்த பிறகு "நான் கல்லைப்போல் குளிர்ந்து கிடந்தேன்" என்றும் சொல்கிறார். பாவம் செய்தேன் என்று அறிக்கையிடுவது பாவத்தைப் புகழ்வதா? அப்படியானால் 51-ஆம் சங்கீதத்தையும் கிழித்துவிடலாம். நிறங்களுக்கு, எல்லாரும் கிறிஸ்துவுக்குள் ஒன்று என்கிற கலாத்தியர் 3:28 பாருங்கள். உங்களுக்கு எல்லாவற்றிலும் 666 தெரிகிறது ஐயா, கண் டாக்டரைப் பாருங்கள்.

அறுப்புக்காலம்
பெரியவர்களிடம் பேசும் முறையா இது? ட்ரம்ஸை சபைக்குள் விட்ட அன்றே தெரியும் இப்படி ஆகும் என்று.

பாளையங்கோட்டையான்
பிசாசின் கையை விடுங்கள் ஐயா, அதை நானே விளக்கிவிடுவேன். என் கேள்வி "ஆனால்" பற்றியது. பேச்சை மாற்றாதீர்கள்.

ட்ரம்ஸ் தம்பி
பேச்சை மாற்றுவது யார்? போன கிறிஸ்துமஸில் "கிட்டார் ஆராதனைக்கு ஆகாது" என்று மூன்று நாள் எழுதினீர்கள். "சைலன்ட் நைட்" 1818-இல் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃபில் முதல்முறை பாடப்பட்டதே கிட்டாரோடுதான் என்று நான் எழுதியதும் ஆளையே காணோம். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

பாளையங்கோட்டையான்
அப்போது என் மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சை. ஓடி ஒளியவில்லை. "சைலன்ட் நைட்" பாட்டில் "ஆனால்" இருக்கிறதா?

தெபோராள் டீச்சர்
😄

குறள்நேசன்
நான் கிறிஸ்தவன் இல்லை, யு2 ரசிகன். 2019 டிசம்பர் 15, நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் "தி ஜோஷ்வா ட்ரீ" ஆல்பத்தை முழுதாக வாசித்தார்கள், இந்தப் பாட்டும் அதில் உண்டு. நான் அங்கே நின்றேன். பக்கத்தில் ஒரு சர்தார்ஜி அழுதார். அவருக்கு எந்தச் சிலுவை? மனிதனின் தேடல் என்று எடுத்துக்கொள்ளுங்களேன். அந்த வருஷம் ரஹ்மானோடு சேர்ந்து அவர்கள் செய்த "அஹிம்சா" பாட்டில் திருக்குறளே வருகிறது.

அறுப்புக்காலம்
வள்ளுவரே இயேசுவின் சீடர் தோமாவிடம் உபதேசம் கேட்டவர்தான் என்பது பலருக்குத் தெரியாது.

குறள்நேசன்
ஆரம்பித்துவிட்டீர்களா? அதற்கு ஒரு துண்டு ஆதாரம் காட்டுங்கள். வள்ளுவரை ஆளாளுக்கு இழுத்து ஞானஸ்நானம் கொடுக்காதீர்கள்.

அறுப்புக்காலம்
குறளில் கிறிஸ்தவ உபதேசத்தின் தாக்கம் உண்டு என்று ஜி.யு. போப் ஐயரே எண்ணியவர். தனியாக ஓர் இழை தொடங்குகிறேன், வாருங்கள்.

குறள்நேசன்
அவர் எண்ணியது ஆதாரமாகிவிடுமா? வருகிறேன். விடமாட்டேன்.

பாளையங்கோட்டையான்
அழுகை ஓர் அளவுகோல் இல்லை. சினிமாப் பாட்டுக்கும் அழுகிறோம். சர்தார்ஜி அழுதது எனக்குப் பிரச்சினை இல்லை. எங்கள் பலிபீடத்துக்கு முன்னால் நின்று, சிலுவையை அறிக்கையிட்டுவிட்டு "ஆனால்" என்று பிள்ளைகள் பாடுவதுதான் பிரச்சினை. இதை ஐந்தாவது தடவையாக எழுதுகிறேன். ஒருவரும் நேரே பதில் சொல்லவில்லை.

ட்ரம்ஸ் தம்பி
நேரே சொல்கிறேன். 1980-களின் தொடக்கத்தில் டப்ளினில் ஷாலோம் என்றொரு ஜெபக்குழு இருந்தது. யு2-வின் போனோ, எட்ஜ், லாரி மூவரும் அதில் இருந்தார்கள். ராக் இசையும் விசுவாசமும் ஒத்துவராது, ஒன்றை விடுங்கள் என்று அங்கே நெருக்கினார்கள். எட்ஜ் இசைக்குழுவையே விட்டுப்போகும் நிலைக்கு வந்தார். கடைசியில் அவர்கள் விட்டது அந்த ஜெபக்குழுவை. விசுவாசத்தை விடவில்லை. 1983-இல் 40-ஆம் சங்கீதத்தை எடுத்து "40" என்று பாட்டாக்கி, கச்சேரியின் கடைசியில் ஜனங்களையே பாடவைத்தார்கள். உங்களைப்போல் நாலு பேர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் அண்ணன். அவர்கள் தள்ளிவிட்ட பிள்ளை "இன்னும் கிடைக்கவில்லை" என்று பாடாமல் வேறு என்ன பாடுவான்?

தெபோராள் டீச்சர்
இது நல்ல பதில்.

பாளையங்கோட்டையான்
டீச்சர் மார்க் போட்டாயிற்று. சரி. "40" நல்ல பாட்டு, நான் மறுக்கவில்லை. "கர்த்தருக்காகப் பொறுமையுடன் காத்திருந்தேன், அவர் என்னிடமாய்ச் சாய்ந்து, என் கூப்பிடுதலைக் கேட்டார்." கேட்டார் என்று முடிகிறது பார்த்தாயா? 1983-இல் கேட்டவர் 1987-இல் கேட்கவில்லையா? அந்த நாலு வருஷத்தில் வந்து சேர்ந்ததுதான் உன் "ஆனால்".

ட்ரம்ஸ் தம்பி
"40" பாட்டின் பல்லவியே "எதுவரைக்கும்" என்ற கேள்விதான். 40-ஆம் சங்கீதத்தில் இல்லாத கேள்வியை 6-ஆம் சங்கீதத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்தார்கள். அப்போதே கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். தாவீதும் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" (சங்கீதம் 13:1) என்றுதான் கேட்டான். தாவீதைச் சபையை விட்டு நீக்கலாமா, கமிட்டியில் வைத்துப் பேசுங்கள்.

பாளையங்கோட்டையான்
அந்த 13-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைப் படி. "கர்த்தர் எனக்கு நன்மை செய்தபடியால் அவரைப் பாடுவேன்." கேள்வியில் தொடங்கித் துதியில் முடிகிறது. உன் பாட்டின் கடைசிச் சரணம் துதியில் தொடங்கி "ஆனால்" என்று முடிகிறது. ஆறாவது தடவை.

ஞானசிகாமணி
கிறிஸ்தவப் பாடல் என்றால் என்ன என்று கேட்டிருந்தேன்.

மெட்டுக்காரன்
1988-இல் வந்த "ராட்டில் அண்ட் ஹம்" ஆல்பத்தில் கறுப்பின காஸ்பல் பாடகர் குழுவோடு இதைப் பாடியிருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டுச் சண்டை போடுங்கள். அப்புறம், கிட்டாரில் கேப்போ எந்த ஃப்ரெட்டில் வைப்பது என்று யாராவது சொல்ல முடியுமா?

பாளையங்கோட்டையான்
கேட்டேன். பாடகர் குழு பாடினாலும் "ஆனால்" "ஆனால்"தான். இன்னும் சத்தமாகக் கேட்கிறது, அவ்வளவுதான்.

ட்ரம்ஸ் தம்பி
அப்படியானால் கேட்டிருக்கிறீர்கள்! முழுதாகவா?

பாளையங்கோட்டையான்
கேட்காமல் பேசுகிறவன் நான் இல்லை. நாலு தடவை கேட்டேன். அதனால்தான் சொல்கிறேன்.

ட்ரம்ஸ் தம்பி
சனிக்கிழமை 5 மணிக்குப் பயிற்சி. சபை ஐயர் இன்னும் முடிவு சொல்லவில்லை, ஆனாலும் பயிற்சி உண்டு. பாஸ் கிட்டாருக்கு உங்கள் பையன் வருகிறேன் என்றிருக்கிறான்.

பாளையங்கோட்டையான்
அவன் என்னிடம் சொல்லவில்லை. ஷாலோம் குழுவில் சேராமல் வெளியே நின்றவரும் யு2-வின் பாஸ்காரர்தானே, ஆடம் கிளேட்டன்? வரட்டும். அந்தக் கடைசி வரி வரும்போது மட்டும் அவன் கையை எடுத்துவிட வேண்டும்.

ட்ரம்ஸ் தம்பி
அங்கே பாஸ் நின்றால் பாட்டே விழுந்துவிடும் அண்ணன்.

பாளையங்கோட்டையான்
விழட்டும்.