எனலாப்ரில் மாத்திரையால் முகம் வீங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். அம்மா ரத்தக் கொதிப்புக்குப் பல வருடங்களாக எனலாப்ரில் சாப்பிட்டு வந்தார். போன வாரம் ஒருநாள் காலையில் மேலுதட்டின் ஒரு பக்கம் உப்பியது. மதியத்துக்குள் கன்னமும் கண் இமையும் வீங்கிவிட்டன. அரிப்பு இல்லை, உடம்பில் தடிப்பும் இல்லை. அலர்ஜிக்குப் போடும் அவில் மாத்திரை போட்டும் கேட்கவில்லை.

மாத்திரைதான் காரணம் என்று டாக்டர் உடனே நிறுத்திவிட்டார். பிராடிகினின் என்ற பொருள் உடம்பில் தேங்குவதால் வருகிற வீக்கமாம், வருடங்கள் கழித்தும் வருமாம். நாக்கு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே 108-ஐக் கூப்பிடச் சொன்னார்.

இப்போது அதற்குப் பதிலாக அம்லோடிபின் சாப்பிடுகிறார், வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் சில வாரங்களுக்குத் திரும்ப வரலாம் என்பதால் இரவில் எனக்குத் தூக்கமே இல்லை. மாத்திரையை நிறுத்திய பிறகும் யாருக்காவது வீங்கியதா? லோசார்டான் என்ற இன்னொரு ரத்தக் கொதிப்பு மாத்திரைக்கு மாறியவர்களுக்கு ஒத்துக்கொண்டதா? அம்மாவுக்குப் பல்லும் பிடுங்க வேண்டியிருக்கிறது, அதனால் வீக்கம் திரும்பிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இப்படி இருந்தவர்கள் பல் பிடுங்குவதை எவ்வளவு நாள் தள்ளிப்போட்டீர்கள்? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.