ஔலுல விண்டர்ல சைக்கிள்ல ஆபீஸ் போறது, மைனஸ் 25லயும் முடியுமா?

கோவைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கங்க. ஆகஸ்ட்ல வேலைக்காக ஃபின்லாந்து ஔலுவுக்கு வந்தேன். வீடு கர்யசில்தா, ஆபீஸ் லின்னன்மா பக்கம், ஏழெட்டு கிலோமீட்டர் வரும். வந்ததுல இருந்து சைக்கிள்லதான் போறேன், வீட்ல இருந்து ஆபீஸ் வாசல் வரைக்கும் கார் ரோட்டுக்கே போகாம தனிப் பாதையில போயிடலாம், ரோடு கிராஸ் பண்ற இடத்துல கூட கீழ சப்வே போட்டு வெச்சிருக்காங்க, அவிநாசி ரோட்டுல உசுரக் கையில பிடிச்சுட்டு ஓட்டினவனுக்கு இதை விடவே மனசு வரலைங்க.

இப்ப அக்டோபர் கடைசி. காலைல சீட்டு மேல வெள்ளையா உறைபனி படிய ஆரம்பிச்சிருச்சு. ஆபீஸ்ல பாதிப் பேர் வருஷம் பூரா சைக்கிள்தான்னு ரொம்ப சாதாரணமா சொல்றாங்க, ரிட்டயர் ஆகப்போற வயசுல இருக்கறவங்க கூட. ஆனா ஜனவரில மைனஸ் 25 வரைக்கும் போகும்ங்கறாங்க, அந்தக் குளிர் நினைச்சாத்தான் எனக்கு பயமா இருக்கு. என்கிட்ட இருக்கறது பழசு வாங்கின சாதா ஹைபிரிட், 700க்கு 35 டயர் (35 மில்லிமீட்டர் அகலம்), ரிம்மை ரெண்டு பக்கமும் அமுக்கற வி பிரேக். இதையே வெச்சு ஓட்ட முடியுமா, என்ன மாத்தணும், டிரெஸ் என்ன வாங்கணும், இல்ல பேசாம பஸ் பாஸ் எடுத்துக்கறது நல்லதா? அம்மா தினமும் போன்ல பஸ்லயே போ கண்ணுன்னு சொல்லிட்டு இருக்காங்க. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

துய்ராவாசி:

தம்பி, நீங்க பயப்பட வேண்டியது மைனஸ் 25க்கு இல்ல, பூஜ்யத்துக்கு. நல்ல குளிர்ல, மைனஸ் 15 20ல, ஸ்நோ காஞ்சு இறுகிப் போய் நறநறன்னு இருக்கும், டயர் நல்லாப் பிடிக்கும். ஆளை வழுக்கி விடறது பிளஸ் 1க்கும் மைனஸ் 2க்கும் நடுவுல ஊசலாடற நாள்தான், பகல்ல லேசா உருகி ஐஸுக்கு மேல ஒரு படலம் தண்ணி நிக்கும், அதுல நடந்து போறவனே விழுவான். அக்டோபர் கடைசி, நவம்பர், அப்புறம் மார்ச் ஏப்ரல், இதுதான் நிஜமாவே ஆபத்தான காலம். அதனால ஸ்நோ விழட்டும் அப்புறம் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, டயரை இந்த வாரமே மாத்துங்க.

ஆணி வெச்ச டயர் இல்லாம ஓட்டாதீங்க, இதுல நான் விட்டுக்கொடுத்துப் பேசவே மாட்டேன். ஆணி டங்ஸ்டன் கார்பைடா இருக்கான்னு பாத்து வாங்குங்க, சாதா இரும்பு ஆணி தார் ரோட்டுல சீக்கிரம் தேஞ்சு வழவழன்னு ஆயிடும். முன்ன நோக்கியன் பேர்ல வந்ததுதான் இப்ப சுவோமி டயர்ஸ்னு வருது, அதுல டபிள்யூ 106ன்னா 106 ஆணி, ரெண்டு வரிசை, டபிள்யூ 240ன்னா 240 ஆணி, நாலு வரிசை. ஷ்வால்பேன்னு இன்னொரு கம்பெனியோட மாரத்தான் விண்டர் பிளஸ்ஸும் நாலு வரிசைதான். நேரா போற வரைக்கும் ரெண்டு வரிசை போதும், ஆனா ஸ்நோவுல டயர் போன தடம் உருகி ராத்திரி அப்படியே உறைஞ்சு கிடக்கும் பாருங்க, அந்தப் பள்ளத்துல முன் சக்கரம் இறங்கி ஏறும்போது ஓரத்துல ஆணி இருந்தாத்தான் பிடிக்கும். நாலு வரிசை வாங்குங்க, கொஞ்சம் கனம், கொஞ்சம் மெதுவாப் போகும், பரவால்ல. உங்க சைக்கிளுக்கு 35 சைஸ் கிடைக்கும், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவுல இடைவெளி இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க, இல்லேன்னா ஸ்நோ உள்ள போய் அடைச்சு சக்கரமே நின்னுடும். காசு ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா முன் சக்கரத்துக்குப் போடுங்க. பின் சக்கரம் வழுக்குனா காலை ஊனிச் சமாளிக்கலாம், முன்னது வழுக்குனா யோசிக்கவே நேரம் இருக்காது.

புது டயர் போட்டதும் முதல் 40 கிலோமீட்டர் வெறும் தார்ல நிதானமா ஓட்டுங்க, சடார்னு பிரேக் அடிக்காதீங்க, அப்பத்தான் ஆணி ரப்பர்ல நல்லா உக்காரும், அப்புறம் கழண்டு விழாது. காத்து, டயர் மேல போட்டிருக்கற குறைஞ்ச அளவுக்குப் பக்கத்துல இருக்கட்டும், அப்ப அதிக ஆணி தரையைத் தொடும்.

மத்தபடி நீங்க வந்திருக்கறது சரியான ஊருக்கு. விண்டர் சைக்கிளிங் காங்கிரஸ்னு உலக அளவுல நடக்குதே, அது முதல்ல நடந்தது 2013ல இந்த ஔலுலதான். இங்க ஸ்நோவை முழுசா வழிச்சு எடுக்க மாட்டாங்க, அழுத்தி இறுக்கி மெத்தையா விட்டுட்டு பல்லு வெச்ச பிளேடால கீறி விடுவாங்க, அந்தக் கீறல்ல டயர் பிடிக்கும், வழுக்குற இடத்துல உடைச்ச ஜல்லி தூவுவாங்க. முக்கியமான பாதை எல்லாம் நீங்க கிளம்பறதுக்கு முன்னயே சுத்தமா இருக்கும். உங்க ரூட்ல ரெண்டு இடம் மட்டும் ஜாக்கிரதை. ஒண்ணு ஆத்துப் பாலம், கீழயும் காத்து மேலயும் காத்து, மத்த இடம் ஈரமா இருக்கும்போதே பாலம் உறைஞ்சிருக்கும். இன்னொண்ணு நீங்க சொன்ன அந்த சப்வேதான், சரிவுல உருகுன தண்ணி எல்லாம் கீழ வந்து தேங்கி கண்ணாடி மாதிரி கிடக்கும், வேகமா இறங்கி அங்க போய் திருப்பாதீங்க.

லைட்டை மறந்துடாதீங்க. டிசம்பர்ல இங்க சூரியன் மூணரை மணி நேரம்தான், போகும்போதும் இருட்டு வரும்போதும் இருட்டு. 2020ல வந்த சட்டப்படி இருட்டுல முன்னாடி வெள்ளை, பின்னாடி சிவப்பு ரெண்டும் எரிஞ்சே ஆகணும்.

ஒஸ்லோ வடலி:

தம்பி, நான் ஒஸ்லோவில இருக்கிறன், குறூருட் பக்கம். எங்கட ஆக்கள் கனபேர் இந்தப் பக்கம்தான், ஆனா விண்டரில சைக்கிள் ஓடுறவை குறைவு, என்னைக் கண்டா உனக்கு என்ன விசரோ எண்டு கேட்பினம். ஔலு தட்டையான இடம், இஞ்ச முழுக்க ஏற்றமும் இறக்கமும். மேல சொன்ன அண்ணை ரயரைப் பற்றிச் சொன்னது அவ்வளவும் சரி, நான் ஓடுற விதத்தைப் பற்றிச் சொல்லுறன்.

ஐஸ் தெரிஞ்சா ஒண்டும் செய்யக்கூடாது. பிறேக் பிடிக்கக்கூடாது, ஹாண்டிலை வெட்டக்கூடாது, உடம்பைச் சரிக்கக்கூடாது, மடியில முட்டைக் கூடை வச்சிருக்கிற மாதிரி நிமிர்ந்து இருந்து அப்பிடியே உருண்டு போக விடோணும். வேகம் குறைக்கிறதெண்டா ஐஸ் வாறதுக்கு முன்னமே குறையுங்கோ, அதுவும் பின் பிறேக்கில. வளைவில உள்பக்க பெடலை மிதிக்காம விடுங்கோ. சீற்றை ஒரு ரெண்டு விரல் அளவு பதிச்சு வையுங்கோ, ரெண்டு காலும் உடன நிலத்தில ஊண்டக்கூடிய மாதிரி இருக்கோணும், இது சின்ன விசயம்தான் ஆனா என்னைக் கனதரம் காப்பாற்றினது.

உங்களுக்கு வி பிறேக் எண்டபடியால், ஸ்நோ கொட்டுற நாளில இடைக்கிடை மெல்லப் பிடிச்சு விடுங்கோ, றிம்மில படிஞ்ச ஈரமும் ஐஸும் துடைபட்டுப் போகும். இல்லாட்டி அவசரத்துக்குப் பிடிக்கேக்க முதல் ஒண்டு ரெண்டு சுற்று பிறேக்கே இருக்காது.

மற்றது, இஞ்ச சைக்கிள் பாதையை பிரஷால கூட்டி உப்புத் தண்ணி அடிப்பினம். நிலம் கறுப்பாத் தெரியும், ஆனா செயின் ஒரு கிழமையில துரு பிடிச்சுப் போகும். ஔலுவில உங்களுக்கு அந்தக் கரைச்சல் குறைவு. மழை பெய்து அப்பிடியே உறையிற நாளில மட்டும் சைக்கிளை எடுக்காதேங்கோ. அண்டைக்கு பஸ்ஸில போங்கோ, அம்மாவுக்கும் சந்தோசம்.

தாம்பெரே மீனா:

டிரெஸ் பத்தி யாருமே சொல்லலையே, நான் சொல்றேன். புதுசா வர்ற நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் பண்றது ஒண்ணுதான், பஸ் ஸ்டாப்புல நிக்கறதுக்குப் போடற பெரிய பஃபர் ஜாக்கெட்டைப் போட்டுட்டு சைக்கிள் ஏறிடுவாங்க, ரெண்டு கிலோமீட்டர்ல உள்ள வேர்த்து ஊத்தும், அந்த வேர்வை நனைஞ்ச துணிதான் அப்புறம் குளிரும், சிக்னல்ல நின்னா நடுங்கும். வீட்டை விட்டு இறங்கும்போது லேசா குளிரணும், அஞ்சு நிமிஷத்துல சரியாயிடும், அதுதான் சரியான அளவு. உள்ள மெரினோ கம்பளி பனியன், காட்டன் கூடவே கூடாது, நடுவுல ஃப்ளீஸ், வெளிய காத்து புகாத மெல்லிசான ஜாக்கெட். மைனஸ் 10 வரைக்கும் எனக்கு இவ்ளோதான்.

உடம்பு தானா சூடாயிடும், கையும் காலும் முகமும்தான் பிரச்சினை. எவ்ளோ நல்ல க்ளவுஸ் போட்டாலும் மைனஸ் 20ல விரல் மரத்துப் போகும், அதுக்கு ஹேண்டில்பார் மேலயே மாட்டற பெரிய உறை விக்கறாங்க, கையை அதுக்குள்ள விட்டா உள்ள மெல்லிசு க்ளவுஸே போதும், பிரேக்கும் கியரும் நல்லா கைக்குக் கிடைக்கும். நான் வாங்கினதுலயே உருப்படியானது அதுதான். ஷூ ஒரு சைஸ் பெருசா எடுங்க, ரெண்டு சாக்ஸ் போட்டு இறுக்கினா ரத்த ஓட்டம் நின்னு இன்னும் ஜில்லுன்னு ஆகும். ஹெல்மெட்டுக்கு அடியில மெல்லிசான தொப்பி, காது மூடணும். மூக்குல கன்னத்துல தொட்டா உணர்ச்சி இல்லாம வெள்ளையாத் தெரிஞ்சா நிறுத்திட்டு பக்கத்துல எந்தக் கட்டடம் இருக்கோ உள்ள போயிடுங்க, தேய்க்காதீங்க.

இன்னொண்ணு, இது நிறைய பேருக்குத் தெரியாது. வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவுல வழக்கமான வழியில விழுந்து அடிபட்டா, கம்பெனி கட்டாயமா எடுத்திருக்கற விபத்து இன்சூரன்ஸ்லயே வரும், சைக்கிள்ல போனாலும் வரும். டாக்டர்கிட்ட போனதும் வேலைக்குப் போற வழியில நடந்ததுன்னு சொல்லிடுங்க.

கோவைக்காரன்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். நாலு வரிசை ஆணி டயர் இன்னைக்கே ஆர்டர் போட்டுட்டேன். ஒரே ஒரு சந்தேகம், சைக்கிளை ராத்திரி வீட்டுக்குள்ள கொண்டு வந்து வெக்கறது நல்லதா, வெளிய ஷெட்லயே விடலாமா? குளிர்ல கெட்டுப் போயிடும்னு நினைச்சு இப்ப தினமும் ரெண்டு மாடி தூக்கிட்டு வந்துட்டு இருக்கேன்.

துய்ராவாசி:

ஷெட்லயே விடுங்க தம்பி. சூடான வீட்டுக்குள்ள கொண்டு வந்தா ஒட்டியிருக்கற ஸ்நோ உருகி தண்ணி கேபிள் உறைக்குள்ளயும் ஃப்ரீவீல்லயும் (மிதிக்காதப்பவும் பின் சக்கரத்தைச் சுத்த விடற பாகம்) இறங்கும், காலைல வெளிய எடுத்ததும் அது உறைஞ்சுடும். அப்புறம் பிரேக் லிவர் அசையாது, இல்லேன்னா பெடல் மிதிச்சா வெறுமனே சுத்தும், சக்கரம் நகராது. கடுங்குளிர்ல ஃப்ரீவீல் உள்ள இருக்கற க்ரீஸ் கெட்டியாகியும் இதே மாதிரி ஆகும், அதனால இப்பவே கடையில குடுத்து பழைய க்ரீஸைக் கழுவிட்டு குளிருக்குன்னு இருக்கற மெல்லிசு க்ரீஸோ ஆயிலோ போடச் சொல்லுங்க. நடு வழியில பெடல் சும்மா சுத்துச்சுன்னா பக்கத்து கடைக்குள்ள தள்ளிட்டுப் போய் கொஞ்ச நேரம் நில்லுங்க, சரியாயிடும். பூட்டுத் துவாரத்துல ரெண்டு சொட்டு லாக் ஆயில் விட்டு வைங்க, அதோட லைட்டை மட்டும் தினமும் கழட்டி வீட்டுக்குள்ள கொண்டு போயிடுங்க, பேட்டரி குளிர்ல பாதி நேரம் கூட நிக்காது.