30 வயது தாண்டியவருக்குப் பத்தாண்டு ஒப்பந்தம்: மேஜர் லீக் அணிகள் எங்கே கோட்டை விடுகின்றன?

கணக்கன்:

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் முப்பதைத் தாண்டிய ஆட்டக்காரருக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் எழுதிக் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. ஆல்பர்ட் பூஹோல்ஸ் ஒருவரை வைத்தே பேசலாம். 2011 டிசம்பரில் ஏஞ்சல்ஸ் அணி அவருக்கு 10 ஆண்டுக்கு 24 கோடி டாலர் எழுதியது. முதல் சீசனில் அவருக்கு வயது 32. பணம் போன வரிசையைப் பாருங்கள்: 2012-இல் 1.2 கோடி, அடுத்து 1.6, பிறகு 2.3, அங்கிருந்து வருடத்துக்குப் பத்து லட்சம் ஏறி, 41 வயதில் 3 கோடி. உடம்பு இறங்க இறங்கச் சம்பளம் ஏறியது.

அதற்கு முன் செயின்ட் லூயிஸ் அணியில் 11 சீசன்: பேட்டிங் சராசரி (அடிக்க முயன்றதில் ஹிட் ஆன விகிதம்) .328, பேஸ் ஏறும் விகிதம் .420, ஹோம் ரன் 445. ஏஞ்சல்ஸில் .256, .311, 222. இந்த மூன்றில் என்னை உலுக்குவது நடுவில் இருக்கும் எண்தான். மணிக்கு 95 மைலில் வரும் பந்து பிட்சர் (பந்து வீசுபவர்) கையைவிட்டு வந்து சேர 0.4 நொடிதான் ஆகும். மட்டையின் வேகம் கொஞ்சம் குறைந்தாலே அந்தப் பந்தைப் பிடிக்க முன்கூட்டியே சுழற்ற ஆரம்பிக்க வேண்டும். முன்கூட்டியே முடிவெடுப்பவர், கடைசி நேரத்தில் வெளியே வளையும் பந்துக்கும் மட்டையை விட்டுவிடுவார். வாக் (நான்கு தப்பான பந்தை அடிக்காமல் விட்டால் கிடைக்கும் இலவச பேஸ்) குறையும், மெல்லிய அடிகள் கூடும். ஹோம் ரன் மட்டும் அங்கங்கே வந்துகொண்டிருப்பதால் சரிவு கொஞ்ச காலம் கண்ணில் படாது.

அந்தப் பத்தாண்டில் ஏஞ்சல்ஸ் பிளே ஆஃப் போனது 2014-இல் ஒரே முறை. கான்சஸ் சிட்டியிடம் மூன்று ஆட்டமும் தோல்வி. 2021 மே மாதம் அவரை விடுவித்தார்கள். இங்கே ஒப்பந்தப் பணம் முழு உத்தரவாதம் என்பதால் மிச்சச் சம்பளம் ஏஞ்சல்ஸ் தலையில்தான். எடுத்துக்கொண்ட டாட்ஜர்ஸ் கொடுத்தது லீக்கின் குறைந்தபட்சச் சம்பளத்தில் மீதி நாட்களுக்கான பங்கு மட்டுமே.

மதுமிதா:

கணக்கன் ஐயா, எண்கள் சரி. ஆனால் 10 ஆண்டு என்று எழுதியிருப்பதை 10 ஆண்டு உழைப்புக்கான விலையாக எடுத்துக்கொள்கிறீர்கள். அணிகள் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. சொகுசு வரி என்ற ஒன்று இருக்கிறதே! அணியின் மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் அபராத வரி. 2023-இல் அந்த வரம்பு 23.3 கோடி டாலர். வரிக்கு எடுப்பது அந்த வருடம் கையில் கொடுத்த பணத்தை அல்ல. ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்து வரும் சராசரியை. நீங்கள் சொன்ன 1.2 கோடி, 3 கோடி எல்லாம் கஜானா கணக்கு. வரிக் கணக்கில் பூஹோல்ஸ் பத்து வருடமும் 2.4 கோடிதான்.

2022 டிசம்பரில் சான் டியேகோ அணி 30 வயது சாண்டர் போகார்ட்ஸுக்கு 11 ஆண்டு, 28 கோடி கொடுத்தது. சராசரி சுமார் 2.55 கோடி. அதே 28 கோடியை 7 ஆண்டில் எழுதியிருந்தால் வருடத்துக்கு 4 கோடி ஆகியிருக்கும். வித்தியாசம் 1.45 கோடி. 2023 அவர்கள் தொடர்ந்து வரம்பு தாண்டிய மூன்றாவது வருடம். அடிப்படை வரி விகிதமே 50 சதவீதம். ஆக, ஒரே ஆட்டக்காரர் மேல் வருடத்துக்கு 70 லட்சத்துக்கு மேல் வரி மிச்சம், கூடுதல் வரிகள் தனி. இன்னொன்று: 5 சதவீத வட்டி வைத்துப் பார்த்தால், பத்து வருடம் கழித்துக் கொடுக்கும் 2.5 கோடியின் இன்றைய மதிப்பு சுமார் 1.53 கோடிதான். எட்டாவது வருடத்திலிருந்து கொடுப்பது முதல் ஏழு வருட உழைப்புக்கான தவணைப் பணம். அந்த வயதில் அவர் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே வேகம் தேவைப்படும் காவல் இடம்) ஆடுவார் என்று யாரும் நம்பி எழுதவில்லை.

கணக்கன்:

தவணை என்றே வைத்துக்கொள்வோம், மதுமிதா. வீட்டுக் கடனில் கடைசித் தவணை கட்டும்போது வீடாவது நிற்கும். இங்கே நிற்பது 26 பேர் பட்டியலில் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு ஒருவர். சம்பளம் போனது போகட்டும் என்று அவரை விடுவிக்க மனம் வந்தால்தான் உங்கள் கணக்கு செல்லும். வருவதில்லையே!

கிறிஸ் டேவிஸைப் பாருங்கள். 2016 ஜனவரியில் பால்டிமோர் அவருக்கு 7 ஆண்டு, 16.1 கோடி கொடுத்தது. மூன்றாவது வருடமே, 2018-இல், சராசரி .168. நவீன காலத்தில் முழு சீசன் தகுதி பெற்ற ஆட்டக்காரர் யாரும் அதற்கு முன் அவ்வளவு கீழே போனதில்லை. அந்த சீசன் கடைசியில் தொடங்கி 2019 ஏப்ரல் வரை 54 முறை தொடர்ந்து ஒரு ஹிட் கூட இல்லை. அப்போதும் அவரை இறக்கிக்கொண்டே இருந்தார்கள், ஏனென்றால் பாக்கி நான்கு வருடம். அவர் 2021-இல் ஓய்வு பெற்ற பிறகும், ஒத்திவைத்த 4.2 கோடி 2037 வரை போய்க்கொண்டிருக்கும்.

வேறு அணிக்குத் தள்ளிவிடலாமே என்றால் அதற்கும் பூட்டு உண்டு. மேஜர் லீக்கில் 10 ஆண்டு சேவை, அதில் கடைசி 5 ஒரே அணியில் என்றால், தன் மாற்றத்தை மறுக்கும் உரிமை ஆட்டக்காரருக்குத் தானாக வந்துவிடும். நீண்ட ஒப்பந்தம் போட்டால் அணியே அந்த உரிமையைக் கையில் கொடுத்த மாதிரி.

வலதுஓரம்:

இரண்டு பேரும் வயதையும் ஆண்டையும் மட்டும் பேசுகிறீர்கள். எந்த இடத்தில் ஆடுபவர், எந்த மாதிரி அடிப்பவர் என்பதைப் பார்க்காமல் 30 என்று கோடு போடுவது தப்பு.

ஷார்ட்ஸ்டாப் வேகம் குறைந்தால் இரண்டாம் பேஸுக்கோ மூன்றாம் பேஸுக்கோ போகலாம். போகார்ட்ஸையே 2024-இல் இரண்டாம் பேஸுக்கு மாற்றிப் பார்த்தார்கள். பிரைஸ் ஹார்ப்பர் முழங்கை அறுவைக்குப் பிறகு வலது வெளிமைதானக் காவலிலிருந்து முதல் பேஸுக்கு வந்தார். இறங்குவதற்குப் படி இருக்கிறது. முதல் பேஸில் கனத்த உடம்போடு ஒப்பந்தம் தொடங்குபவருக்கு அதற்குக் கீழே டி.எச். (காவல் காக்காமல் பேட்டிங் மட்டும் செய்யும் இடம்) ஒன்றுதான். பூஹோல்ஸ், டேவிஸ், மிகெல் கப்ரேரா, ரயன் ஹோவர்ட், பிரின்ஸ் ஃபீல்டர் எல்லோரும் முதல் பேஸ்காரர்கள் என்பதைக் கவனியுங்கள்.

முதல் பேஸிலும் எல்லோரும் ஒன்றல்ல. சின்சினாட்டியின் ஜோயி வோட்டோவுக்கு 2014 முதல் 2023 வரை 10 ஆண்டு, 22.5 கோடி. 2017-இல் 134 வாக், 83 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது) மட்டும். எம்விபி (சீசனின் மிக மதிப்புள்ள ஆட்டக்காரர்) விருதை வாக்களிப்பில் இரண்டே புள்ளியில் தவறவிட்டார். 2021-இல் 37 வயதில் 36 ஹோம் ரன். பந்தைத் தேர்ந்தெடுக்கும் கண் இருந்ததால், மட்டை மெதுவானாலும் எந்தப் பந்தை விட வேண்டும் என்பது தெரிந்திருந்தது. கடைசி இரண்டு வருடம் சராசரி .205, .202 என்று விழுந்தது உண்மைதான், அதுவரைக்கும் கொடுத்ததைக் குறைத்துச் சொல்ல முடியாது.

காப்பீடு பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அது ஆட முடியாமல் போனால் பணம் தரும். மோசமாக ஆடினால் தராது. நியூயார்க் மெட்ஸ் அணியின் டேவிட் ரைட்டுக்குத் தண்டுவடக் கோளாறு. அவர் ஆடாமல் 60 நாள் கடந்தால் சம்பளத்தில் 75 சதவீதத்தைக் காப்பீடு ஏற்றது. டேவிஸுக்கு நடந்தது மாதிரி சரிவுக்கு எந்தப் பாலிசியும் கிடையாது. ஏற்கெனவே அறுவை செய்த உறுப்பையும் காப்பீட்டு நிறுவனம் விலக்கி எழுதப் பார்க்கும். அதாவது எந்த இடத்துக்குப் பாதுகாப்பு அதிகம் வேண்டுமோ அந்த இடத்துக்குத்தான் கிடைக்காது.

மதுமிதா:

வலதுஓரம் சொன்ன பட்டியலிலிருந்து ஒன்றை நான் ஒப்புக்கொள்கிறேன். ஹோவர்டும் கப்ரேராவும் வேறு வகைத் தவறு, அதை நானும் ஆதரிக்கவே மாட்டேன். பிலடெல்பியா 2010 ஏப்ரலில் ஹோவர்டுக்கு 5 ஆண்டு, 12.5 கோடி நீட்டிப்புக் கொடுத்தது. அது தொடங்குவதே 2012-இல்! நடுவே 2011 பிளே ஆஃபின் கடைசி அவுட்டில் ஓடும்போது குதிகால் தசைநாண் அறுந்தது. புது ஒப்பந்தத்தின் முதல் சீசனில் 71 ஆட்டம், சராசரி .219. டெட்ராய்ட் 2014 மார்ச்சில் கப்ரேராவுக்கு எழுதிய 8 ஆண்டு, 24.8 கோடி நீட்டிப்பு தொடங்கியது 2016-இல். 2017-இல் அவர் சராசரி .249. கையில் இரண்டு வருடம் பாக்கி இருக்கும்போது, தேவையே இல்லாமல், எதிர்காலத்தை இன்றைய விலைக்கு வாங்குவது. ஐயா, உங்கள் ஐந்தாண்டு விதி ஹோவர்டைத் தடுத்திருக்காது, பார்த்தீர்களா? அது சரியாக ஐந்து ஆண்டுதான்.

ஆனால் ஆட்டக்காரர் ஏன் 30 வயதில் நீண்ட ஒப்பந்தம் கேட்கிறார்? ஆறு வருட சேவை முடிந்தால்தான் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது எந்த அணியோடும் பேரம் பேசலாம். 172 நாள் பட்டியலில் இருந்தால்தான் ஒரு வருடம். முதல் மூன்று வருடம் கிட்டத்தட்ட குறைந்தபட்சச் சம்பளம். ஏரன் ஜட்ஜ் 2017-இல் 52 ஹோம் ரன் அடித்தார். அந்த வருடக் குறைந்தபட்சம் 5,35,000 டாலர், அவர் வாங்கியதும் அதை ஒட்டித்தான். வெளிச்சந்தைக்கு வரும்போது வயது 30. நியூயார்க் யாங்கீஸ் அணி 9 ஆண்டு, 36 கோடி கொடுத்தது. 2024, 2025 இரண்டிலும் எம்விபி. உங்கள் விதிப்படி அவரை நியூயார்க் இழந்திருக்கும், அவரும் தன் நல்ல வருடங்களுக்கான கூலியை எங்கேயும் வாங்கியிருக்க மாட்டார்.

கணக்கன்:

கூலி விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. அநியாயம் முதல் ஆறு வருடத்தில் நடக்கிறது என்றால் அதை அந்த ஆறு வருடத்தில்தான் சரிசெய்ய வேண்டும். ஹோவர்ட் விஷயத்தில் என் விதியில் ஓட்டை இருக்கிறது, ஏற்கிறேன்: ஐந்து ஆண்டு என்பதைக் கையெழுத்திட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும்.

2019 டிசம்பரை மறக்க வேண்டாம். ஒரே வாரத்தில் இரண்டு பேருக்கு அதே 7 ஆண்டு, அதே 24.5 கோடி. பிட்சர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் அதன் பிறகு வீசியது 8 ஆட்டம். ஆந்தனி ரெண்டன் எந்த சீசனிலும் 58 ஆட்டத்துக்கு மேல் ஆடவில்லை. வயதானவருக்குக் குறைந்த ஆண்டு, கூடின சம்பளம் கொடுங்கள். மெட்ஸ் அப்படித்தான் 37 வயது பிட்சர் மேக்ஸ் ஷெர்சருக்கு 3 ஆண்டு, 13 கோடி கொடுத்தது.

மதுமிதா:

அந்த மெட்ஸ் 2023-இல் கட்டிய சொகுசு வரி 10 கோடி டாலரைத் தாண்டியது, ஐயா! ஷெர்சர், இன்னொரு மூத்த பிட்சர் வெர்லாண்டர் இரண்டு பேருமே வரிக் கணக்கில் 4.33 கோடி வீதம். இரண்டு பேரையும் அந்தக் கோடையிலேயே பணம் சேர்த்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதே ஷெர்சருக்கு வாஷிங்டன் 2015-இல் 30 வயதில் 7 ஆண்டு, 21 கோடி கொடுத்தது. பாதியை 2022 முதல் 2028 வரை தள்ளி வைத்தது. கிடைத்தது சிறந்த பிட்சருக்கான சை யங் விருது இரண்டு, 2019 உலகத் தொடர் என்ற சாம்பியன் பட்டம். ஒரே பிட்சர், இரண்டு மாதிரி ஒப்பந்தம். எது லாபம்?

வலதுஓரம்:

நடுவில் ஒரு வழி இருக்கிறது, மின்னசோட்டா கார்லோஸ் கொர்ரேயாவுக்கு எழுதியது. சான் பிரான்சிஸ்கோ 13 ஆண்டு, 35 கோடி பேசி, மருத்துவப் பரிசோதனையில் பழைய கணுக்கால் அறுவையைப் பார்த்துப் பின்வாங்கியது. மெட்ஸ் 12 ஆண்டு, 31.5 கோடி பேசி, அதே கணுக்காலில் நின்றது. 2023 ஜனவரியில் மின்னசோட்டா 6 ஆண்டு, 20 கோடி மட்டும் உத்தரவாதம் கொடுத்தது. அதற்கு மேல் 2.5, 2, 1.5, 1 கோடி என்று இறங்கும் நான்கு வருடங்கள். முந்தைய சீசனில் குறிப்பிட்ட முறை பேட்டிங் செய்திருந்தால் அடுத்த வருடம் தானாக உறுதியாகும். உடம்பு நின்றால் ஆட்டக்காரருக்குப் பணம், நிற்காவிட்டால் அணிக்குச் சுமை இல்லை. சம்பளமும் வயதோடு சேர்ந்து இறங்குகிறது.

இதற்கு நேர் எதிரானது, நடுவில் ஆட்டக்காரர் விலகிக்கொள்ளலாம் என்ற ஷரத்து. நன்றாக ஆடினால் விலகி அதிக விலைக்குப் போவார், மோசமானால் இருப்பார். ஸ்ட்ராஸ்பர்க் 2019 உலகத் தொடரை வென்ற கையோடு அப்படி விலகித்தான் அந்த 24.5 கோடியை வாங்கினார்.

கணக்கன்:

கொர்ரேயா மாதிரி எழுதினால் எட்டு ஆண்டுக்கும் நான் கையெழுத்துப் போடுவேன். ஆனால் பேட்டிங் எண்ணிக்கை நிபந்தனையில் ஒரு முள் இருக்கிறது. செப்டம்பரில் இன்னும் 20 முறை ஆடினால் அடுத்த வருடம் உறுதியாகும் என்ற நிலையில், அணி அவரைப் பெஞ்சில் உட்காரவைத்தால் என்ன ஆகும்? வீரர் சங்கம் முறையீடு போடும். ஆட்டத் தேவைக்காகத்தான் உட்காரவைத்தோம் என்று அணி சொல்லும். ஒப்பந்தத் தகராறு தீர்க்கும் நடுவர் முன்னால் போய் நிற்கும். அதனால் எண்ணிக்கையை ஒரே சீசனுக்கு வைக்காமல், இரண்டு சீசனுக்குச் சேர்த்து வைக்க வேண்டும். காயப் பட்டியலில் இருந்த நாட்களை எப்படி எடுத்துக்கொள்வது என்பதையும் முன்பே எழுதிவிட வேண்டும். மதுமிதா, இந்த இரண்டு சீசன் கணக்கை வைத்து போகார்ட்ஸின் 28 கோடியை நீங்கள் எப்படிப் பிரிப்பீர்கள்? வரிச் சராசரியோடு சேர்த்துப் போட்டுக் காட்டுங்கள்.