வெள்ளையணு எண்ணிக்கை ஏறியும் புண் ஏன் ஆறவில்லை? சர்க்கரை உள்ளவர்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

தஞ்சைவாசி:
அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. பிடரியில் பருப்பு அளவு கட்டி வந்தது, மஞ்சள் பற்றுப் போட்டோம். அப்புறம் அதிலேயே நாலைந்து கண் வைத்துச் சீழ் ஒழுக ஆரம்பித்தது. எதிர்வீட்டுப் பாட்டி பார்த்ததுமே, "ராஜபிளவைடா இது, சுகர் பாருங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் சர்க்கரை 386, வெள்ளையணு 17,400. வழக்கமாக 11,000 வரைதானே, கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று கேட்டேன். "எண்ணிக்கை இருக்கு தம்பி, வேலைதான் நடக்கல" என்றார் சர்ஜன். நியூட்ரோபில்கள் என்ற வகை வெள்ளையணுக்கள் கிருமி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருவதே தாமதமாம். சேர்ந்தாலும் விழுங்குவது மந்தம், விழுங்கியதைக் கொல்வதும் மந்தம். கட்டியைக் கீறிச் சுத்தம் செய்து ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். ஆனால் அவர் அதிகம் அவசரப்பட்டது இன்சுலினுக்குத்தான். சர்க்கரை 200க்குக் கீழே வந்த பிறகே புண்ணில் சிவப்பாகச் சதை வளரத் தொடங்கியது.

லேப்காரர்:
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்தான் எனக்கு வேலை. எங்கள் மெஷின் அணுக்களை எண்ணும், வகை பிரிக்கும், அவ்வளவுதான். அவை எப்படி வேலை செய்கின்றன என்பது ரிப்போர்ட்டில் வராது. "கவுண்ட் நார்மல், பயமில்லை" என்று சிலர் கிளம்பும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும்.

சர்க்கரை ஏறினால் வெள்ளையணு மந்தமாவதற்கான காரணங்களில் ஒன்று இது. மிகுதியான குளுக்கோஸைச் செல் சார்பிட்டால் என்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது, அதற்கு என்ஏடிபிஎச் என்ற பொருள் செலவாகிறது. கிருமியைக் கொல்லும் ரசாயனத்தைத் தயாரிக்கவும் அதே பொருள்தான் வேண்டும்.

இன்னொரு விஷயம், கிருமித்தொற்றே சர்க்கரையை ஏற்றும். சாப்பாடும் மாத்திரையும் மாறாமல் திடீரென்று 300ஐத் தொட்டால் பாதம், பல், சிறுநீர் மூன்றையும் பாருங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு முள் குத்தினாலும் தெரியாது.

கோவைக்காரி:
2021 மே மாதம், சித்திக்குக் கொரோனா. ஸ்டீராய்டு ஊசியில் சர்க்கரை 400ஐத் தாண்டியது. வீடு திரும்பிய பிறகு ஒரு பக்கக் கன்னம் மரத்து, மூக்கிலிருந்து கறுப்பாக வந்தது. கருப்புப் பூஞ்சை. அந்தப் பூஞ்சையின் வித்து காற்றிலும் மண்ணிலும் எப்போதும் இருப்பதுதான், நாம் எல்லோரும் சுவாசிக்கிறோம், நல்ல வெள்ளையணுக்கள் அழித்துவிடும் என்று இஎன்டி டாக்டர் சொன்னார். அந்தப் பூஞ்சைக்குப் போடும் ஆம்போடெரிசின் ஊசிக்கு அப்போது நாடு முழுக்கத் தட்டுப்பாடு. சித்தப்பா அலைந்த அலைச்சலைத் தனியாகத்தான் எழுத வேண்டும். சைனஸைச் சுரண்டி எடுத்தார்கள், கண் தப்பியது.

புதியவன்:
எனக்குச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 10.1 சதவீதம். கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டும், சர்க்கரை இறங்கட்டும் என்று பல் டாக்டர் தள்ளிப்போடுகிறார். வலி தாங்கவில்லை. யாராவது இப்படிக் காத்திருந்தீர்களா?

லேப்காரர்:
கன்னம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காதீர்கள், அன்றே போய்க் காட்டுங்கள். இல்லையென்றால், சர்க்கரையைச் சீக்கிரம் இறக்க இன்சுலின் தேவையா என்று உங்கள் சர்க்கரை டாக்டரிடம் கேளுங்கள்.